செக்கும் சிவலிங்கமும்

செக்கென்றும் அறியான், சிவலிங்கமென்றும் அறியான் என்று பேதையைச் சுட்டுவது தமிழர் வழக்கு. உருவத்தால் ஒத்த இரண்டு கற்களுள் எது எண்ணெய் ஆட்டுவதற்கு உரியது, எது வழிபாட்டுக்கு உரியது என்று பிரித்தறியும் சிற்றறிவும் வாய்க்காதவன் என்பது அதன் பொருள். இன்று நம் பள்ளிகளிலும் இலக்கிய மேடைகளிலும் இதனினும் வேறான ஓர் அறியாமை வேரூன்றி வருகிறது. செக்கென்று நன்றாகத் தெரிந்திருந்தும் அதனைச் சிவலிங்கமாக்கி, மலர் தூவி, கண்ணீர் சொரிந்து, கைகூப்பிவிட்டுத் திரும்பிவிடுகிறோம். கோவைச் சிறையில் வ. உ. சிதம்பரனார் இழுத்த செக்கையே இங்குக் குறிப்பிடுகிறேன்.

பள்ளிகளில் நடைபெறும் பேச்சுப் போட்டிகளுக்கு நடுவராக அமர்ந்தவர் எவரும் இதனை அறிவர். சிதம்பரனாரைப் பற்றிப் பேச வரும் மாணவனுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கப்படுகிறது. அதில் மூன்று நிமிடம் செக்குக்குப் போகிறது. ‘செக்கிழுத்த செம்மல்’ என்று தொடங்குகிறான். மாடு இழுக்க வேண்டிய செக்கை மனிதர் இழுத்தார் என்று குரல் தழுதழுக்கிறான். எஞ்சிய நேரத்தில் கப்பலை ஒரு வரியில் கடந்து, ‘வாழ்க அவர் புகழ்’ என்று முடிக்கிறான். கைதட்டல் எழுகிறது, பரிசும் கிடைக்கிறது. அந்தக் கப்பல் யாருடையது, எந்தத் துறைமுகத்திலிருந்து எங்கே சென்றது, அதனை எதிர்த்தவர் யார், சிதம்பரனார் என்ன குற்றத்துக்காகச் சிறை புகுந்தார் என்று அந்த மாணவனைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கும். குற்றம் மாணவனுடையதா? எழுதிக் கொடுத்தவர் நாம், மனப்பாடம் செய்வித்தவர் நாம், பரிசளித்தவரும் நாமே.

ஒரு மனிதரின் அறுபத்து நான்கு ஆண்டு வாழ்வை ஒரு கல்லுக்குள் அடைத்துவிட்டோம். அவரைச் சிறையில் அடைத்தவன் ஆங்கிலேயன். செக்கில் பூட்டியவனும் அவனே. ஆனால் 1912ஆம் ஆண்டு டிசம்பரில் அவன் அவிழ்த்துவிட்ட நுகத்தை, நம் கட்டுரைகளாலும் சொற்பொழிவுகளாலும் மீண்டும் அவர் தோள்மீது ஏற்றியவர்கள் நாம். இதுவே என் குற்றச்சாட்டு.

ஒரு காற்றாலை கற்பிக்கும் பாடம்

பழைய ஆலை ஒன்றை எவ்வாறு படிப்பது என்பதை, நம்மை ஆண்டவர்களிடமிருந்தே கற்கலாம். இலண்டன் மாநகரின் தென்மேற்கே விம்பிள்டன் என்னும் ஊரில், திறந்த பொதுவெளி ஒன்றில் பழைய காற்றாலை ஒன்று நிற்கிறது. 1817ஆம் ஆண்டு சார்லஸ் மார்ச் என்னும் தச்சரால் கட்டப்பட்டது. அக்கம்பக்கத்தார் தத்தம் தானியத்தைக் கொணர்ந்து அரைத்துச் செல்வதற்காக எழுந்தது. 1864ஆம் ஆண்டோடு அதன் ஓட்டம் நின்றது. ஏன் நின்றது? நிலப்பிரபு ஒருவர் அந்தப் பொதுவெளியை வேலியிட்டுத் தமதாக்கிக்கொள்ள முனைந்தார். ஆலை கைமாறியது, அதன் பொறிகள் அகற்றப்பட்டன, கட்டடம் குடியிருப்பாயிற்று. ஊர்மக்கள் வாளாவிருக்கவில்லை. அவர்களுடைய எதிர்ப்பின் பயனாக 1871ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வெளியை என்றும் பொதுநிலமாக நிலைபெறச் செய்தது. ஆலை பழுதுற்று விழும் நிலை எய்தியபோது மக்கள் நன்கொடை திரட்டி 1893இல் அதனைச் செப்பனிட்டனர். 1976இல் அது அருங்காட்சியகமாயிற்று.

அங்குச் செல்லும் சிறுவன் எவற்றைக் கற்கிறான்? காற்று எவ்வாறு விசிறியைச் சுழற்றுகிறது, விசிறி எவ்வாறு பல்சக்கரத்தை இயக்குகிறது, சக்கரம் எவ்வாறு கல்லைத் திருப்புகிறது என்பதைக் கற்கிறான். அந்த ஆலையைக் கட்டியவன் தச்சன் என்று அறிகிறான். நிலத்துக்காக ஊரார் போராடினர் என்று தெரிந்துகொள்கிறான். ஒரு பழைய மரக்கூண்டு அவனுக்கு அறிவியலாகவும் வரலாறாகவும் குடிமைப் பாடமாகவும் விளங்குகிறது. அவன் அதன்முன் அழுவதுமில்லை, அதனை வணங்குவதுமில்லை.

அந்தக் காற்றாலைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் தம் நூலின் ஒரு பகுதியை அந்த ஆலையை ஒட்டிய வீட்டில் தங்கி எழுதினார். அந்நூல் வெளிவந்த ஆண்டு 1908. மூவாரிலும் பிற ஊர்களிலும் கழுத்துத் துணியும் கைத்தடியுமாக அணிவகுக்கும் நம் சாரணச் சிறுவர்கள் அந்நூலின் வழிவந்தவர்களே. அதே 1908ஆம் ஆண்டில், அதே பேரரசின் வேறொரு மூலையில், வேறோர் ஆலையில் ஒரு தமிழர் பூட்டப்பட்டார். அங்கே ஓர் ஆலையின் நிழலில் பிள்ளைகளுக்கு ஒழுக்கமும் உறுதியும் கற்பிக்கும் நூல் உருவாயிற்று. இங்கே ஓர் ஆலையின் நுகத்தில் தன்மானம் நசுக்கப்பட்டது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் காட்டிய பாடம் ஒன்று நம்மிடம் உண்டா?

செக்கு என்னும் கருவி

முதலில் செக்கைச் செக்காகக் காண்போம். நிலத்தில் ஊன்றிய உரல். கல்லாலும் செய்வர், வயிரமேறிய மரத்தாலும் செய்வர். உரலின் குழிக்குள் கனத்த உலக்கை ஒன்று சாய்ந்து நிற்கும். உலக்கையின் தலையோடு பிணைத்த கட்டையும், உரலைச் சுற்றிவரும் பாரம் ஏற்றிய பலகையும், அதனை இழுக்கும் காளையும் சேர்ந்ததே செக்கு. காளை வட்டமிட வட்டமிட உலக்கை குழியின் பக்கங்களில் அழுந்திச் சுழலும். எள்ளோடு சிறிது கருப்பட்டி சேர்த்து ஆட்டினால் எண்ணெய் பிரியும்; பிண்ணாக்கு எஞ்சும். ஒரு சிறு கோணச் சாய்விலும் ஒரு பாரத்திலும் தங்கியிருக்கும் நுட்பம் அது. மின்சாரம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே தமிழன் கண்ட இயந்திரம் என்று தயங்காமல் கூறலாம்.

அதன் வரலாறும் சிறிதன்று. சோழர்காலக் கல்வெட்டுகளில் செக்கிறை என்னும் வரி குறிக்கப்படுகிறது. எண்ணெய் வணிகரான சங்கரப்பாடியார் அக்கல்வெட்டுகளில் இடம்பெறுகின்றனர். கோயில் விளக்குகள் எரிந்தது செக்கில் ஆட்டிய எண்ணெயால். ஊருக்கெனச் செக்குக்கல் செய்தளித்தவர்கள் தம் பெயரை அக்கல்லிலேயே பொறித்து வைத்ததும் உண்டு. தமிழ்நாட்டில் ஊர்ப்புறங்களிலும் ஏரிக்கரைகளிலும் இத்தகைய கற்கள் இன்றும் கண்டெடுக்கப்படுகின்றன. ஆகவே செக்கு இழிந்த பொருளன்று. செக்காட்டுதல் இழிந்த தொழிலுமன்று.

இதனை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘வழக்கறிஞர் செக்கிழுக்கலாமா? செல்வக் குடியில் பிறந்தவர் செக்கிழுக்கலாமா?’ என்று நம் பேச்சாளர்கள் கதறுகின்றனர். அந்தக் கதறலின் உட்பொருளை ஆராய்ந்து பாருங்கள். உயர்ந்தவர் செய்தமையால் கொடுமை, தாழ்ந்தவர் செய்திருந்தால் இயற்கை என்பதுதானே அது? சிதம்பரனாருக்கு முன்பும் பின்பும் அந்தச் சிறைகளில் செக்கிழுத்த பெயரறியாக் கைதிகளுக்காக ஒரு சொல்லேனும் நாம் சொன்னதுண்டா? பிறர் உடலுழைப்பை இழிவாகக் கருதும் மனம் ஒன்று நம் கண்ணீருக்குள் ஒளிந்திருக்கிறது. பால்மரக் காட்டில் விடியற்காலைப் பிரட்டுக்கு நின்ற கூலிகளின் பேரப்பிள்ளைகள் நாம். உழைப்பை இழிவென்று அழுவதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

சிறையும் ஆலையும்

கொடுமை செக்கில் இல்லையென்றால் வேறெங்கே இருந்தது? மனிதனைக் காளையாக்கிய சிறைமுறையில் இருந்தது. இம்முறை கோவையில் பிறந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் கியூபிட் என்னும் ஆங்கிலப் பொறியாளர் கைதிகளுக்கென மிதிசக்கரம் ஒன்றை வகுத்தார். பெரிய உருளையின் படிகளில் கைதிகள் வரிசையாக நின்று, ஏறாத ஏணியில் ஏறுவதுபோல் மணிக்கணக்கில் மிதிக்க வேண்டும். சில சிறைகளில் அச்சக்கரம் தானியம் அரைத்தது. வேறு சிலவற்றில் எதனையும் அரைக்கவில்லை, வெறுமனே சுழன்றது. ‘காற்றை அரைக்கிறோம்’ என்று கைதிகள் கசந்து எள்ளினார்களாம். காற்று மனிதனுக்காக அரைத்துத் தந்த காற்றாலை ஒருபுறம். மனிதன் காற்றை அரைத்த சிறையாலை மறுபுறம்.

இங்கிலாந்து மக்களின் மனச்சான்று மெல்ல விழித்தது. 1898ஆம் ஆண்டுச் சிறைச்சட்டம் அந்நாட்டில் மிதிசக்கரத்துக்கு முடிவு கட்டியது. அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, அதே அரசின் கொடி பறந்த கோவைச் சிறையில் சிதம்பரனார் முதலில் சணல் கிழிக்கும் இயந்திரத்தைச் சுற்றுமாறு ஏவப்பட்டார். கைகளின் தோல் உரிந்தது. பின்னர்ச் செக்கிழுக்குமாறு பணிக்கப்பட்டார். தன் நாட்டில் தகாதென்று தள்ளியதை அடிமை நாட்டில் தக்கதென்று வைத்துக்கொண்டது அவ்வரசு. செக்கின் முன் நிற்கும் மாணவனுக்கு நாம் உணர்த்த வேண்டிய முதல் உண்மை இந்த இரட்டை நீதியேயாகும். கண்ணீர் அதனை மறைத்துவிடுகிறது. ‘ஐயோ, கொடியவர்கள்!’ என்பதோடு உள்ளம் ஓய்ந்துவிடுகிறது. அது கொடியவர் சிலரின் செயலன்று. சட்டமும் கையேடும் கணக்கேடும் கொண்டு நடந்த ஓர் ஆட்சிமுறை என்று எண்ணுவதற்கு இடமில்லாமற் போகிறது.

செக்குக்கு முன் நின்ற கப்பல்

செக்குக்குச் சிதம்பரனாரைக் கொண்டு சென்றது எது? 1906ஆம் ஆண்டு அக்டோபரில் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு பெற்றது. மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கொன்றுக்கு 25 ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவர். தமிழுக்குச் சங்கம் வைத்தவரே கப்பலுக்கும் சங்கம் வைத்தார் என்பதைத் தமிழாசிரியர்களாகிய நாம் எத்தனை முறை வகுப்பில் சொல்லியிருக்கிறோம்? காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் 1907இல் வந்து சேர்ந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. அதுவரை அக்கடலைத் தன் உடைமைபோல் ஆண்டுவந்த பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, இறுதியில் பயணிகளை இலவசமாகவே ஏற்றிச் செல்லவும் துணிந்தது. போட்டியாளனைக் கொல்லும்வரை நட்டமேற்பது, கொன்றபின் விலையை ஏற்றுவது என்னும் வாணிகத் தந்திரத்தை இதனினும் தெளிவாக மாணவனுக்கு விளக்கும் எடுத்துக்காட்டு வேறில்லை.

1908ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் தூத்துக்குடியில் ஆங்கிலேயருக்கு உரிமையான கோரல் பஞ்சாலையின் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். கூலி உயர்வும் வார விடுமுறையும் அவர்கள் கேட்டவை. மார்ச் முதல் வாரத்தில் ஆலை நிர்வாகம் இறங்கிவந்தது. இங்கே கூர்ந்து நோக்குக. செக்கென்னும் ஆலைக்கு அவரை அனுப்பியவற்றுள் பஞ்சாலையும் ஒன்று. கப்பலோட்டியபோது பொறுத்திருந்த அரசு, கூலிக்காரன் கையில் ஒற்றுமை என்னும் ஆயுதத்தை அவர் கொடுத்தவுடன் விரைந்து எழுந்தது. மார்ச் 12ஆம் நாள் அவர் சிறைப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். சூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. உடன் தண்டனை பெற்ற சிவா, தொழுநோயோடு சிறையிலிருந்து வெளிவந்தார்.

இத்தனையும் கற்ற பின்னர்ச் செக்கின் முன் நிற்பவன் காணும் காட்சியே வேறு. அது துன்பத்தின் சின்னமாக மட்டும் அவனுக்குத் தோன்றாது. ஒரு பேரரசு எதனைக் கண்டு அஞ்சியது என்பதற்குச் சான்றாகத் தோன்றும்.

நம் முன்னோர் ஏறிவந்த கப்பல்

‘அது தமிழ்நாட்டுக் கதை, மலேசியப் பிள்ளைகளுக்கு இவ்வளவு விரிவாக எதற்கு?’ என்று கேட்பாரும் உளர். அவர்களுக்கு ஒன்று நினைவூட்டுவேன். சிதம்பரனாரை எதிர்த்துக் கட்டணத்தை அறுத்த அந்த பிரிட்டிஷ் இந்தியா நிறுவனம் எது? நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் நம் முன்னோரை ஏற்றிப் பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் சிங்கப்பூரிலும் இறக்கிய கப்பல்களின் உடைமையாளர் அவர்களே. நம் பாட்டன்மார் வாய்க்கு வாய் சொல்லும் ‘ரஜூலா’ அந்த நிறுவனத்தின் கப்பல். 1926இல் கட்டப்பட்டு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அக்கடலில் ஓடியது. 1907ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் திரட்டிய வரியைக் கொண்டு தொழிலாளரின் பயணச் செலவை ஏற்றது. அஃதாவது, காலியாவும் லாவோவும் கொழும்புக்கு ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில், மலாயாவுக்குத் தமிழரை ஆயிரமாயிரமாகக் கொணரும் ஏற்பாடு சட்டமாகிக்கொண்டிருந்தது. கடல்வழி யார் கையில் இருக்கிறதோ அவர்கள் கையில்தான் மக்களின் பெயர்ச்சியும் இருக்கும். இதனை முதலில் உணர்ந்த தமிழர் சிதம்பரனார். அவர் வென்றிருந்தால் நம் வரலாறு எவ்வாறு திரும்பியிருக்கும் என்று ஆருடம் கூற நான் முற்படவில்லை. ஆயினும் அவர் போராட்டம் நம் குடும்பக் கதையின் முதல் அத்தியாயத்தைத் தொடுகிறது என்பதில் ஐயமில்லை.

கோரல் ஆலைக்கும் நமக்கும் உள்ள உறவு இதனினும் நெருங்கியது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் ஆர். எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு ஒப்பான கூலி வேண்டும், பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்றனர். அதிகாரிகள் எதிர்ப்பட்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கத்தையும் ஒழிக்கக் கோரினர். படை வந்தது, தொழிலாளர் சுடப்பட்டு மாண்டனர், நாதன் நாடு கடத்தப்பட்டார். தூத்துக்குடியில் 1908இல் நிகழ்ந்ததும் கிள்ளானில் 1941இல் நிகழ்ந்ததும் ஒரே நூலின் இரண்டு முனைகள். கூலிக்காரன் நிமிர்ந்தான், அரசு சுட்டது, தலைவன் அகற்றப்பட்டான். செக்கை மட்டும் கற்பிக்கும் ஆசிரியர் இந்நூலை அறுத்துவிடுகிறார். சைக்கிளிலிருந்து இறங்க மாட்டேன் என்று சொன்ன தோட்டத் தொழிலாளியையும் கப்பல் விட்ட வழக்கறிஞரையும் ஒரே வகுப்பில், ஒரே நாளில் கற்பிக்க முடியும், கற்பிக்கவும் வேண்டும்.

செக்குக்குப் பின்

நம் பேச்சுகளில் சிதம்பரனார் செக்கோடு முடிந்துவிடுகிறார். உண்மையில் அவர் 1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் வரை வாழ்ந்தார். விடுதலைக்குப் பிந்திய அந்த இருபத்து நான்கு ஆண்டுகள் எங்கே போயின? அவற்றைச் சொன்னால் ஆங்கிலேயனோடு சேர்த்து நம்மையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நேரிடும். அதனால்தான் மறந்தோமோ என்று நான் ஐயுறுகிறேன்.

அவர் வெளிவந்தபோது கப்பல் சங்கம் இல்லை, கலைக்கப்பட்டுவிட்டது. வழக்கறிஞர் உரிமமும் பறிபோயிருந்தது. சென்னையில் சிறுவணிகம் செய்து குடும்பத்தை நடத்தினார். அந்நாளில் அவருக்குத் துணைநிற்க எண்ணியவர்கள் யார் தெரியுமா? தென்னாப்பிரிக்கத் தமிழர்கள்; நம்மைப் போலவே கடல்கடந்து போன கரும்புத் தோட்டத் தமிழரின் வழியினர். அவர்கள் திரட்டிய பணம் காந்தியடிகள் வழியாக அவருக்கு வந்துசேரக் காலம் தாழ்ந்தது. 1915, 1916ஆம் ஆண்டுகளில் இருவருக்குமிடையே கடிதங்கள் நடந்தன. இறுதியில் கைக்கு வந்த தொகை 347 ரூபாய் 12 அணா. ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி இக்கதையைத் தனி நூலாகவே 2021இல் எழுதியுள்ளார். திருநெல்வேலி எழுச்சியைப் பற்றிய அவருடைய இன்னொரு நூல் 2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. ஆய்வு இவ்வளவு முன்னேறிவிட்டது. நம் வகுப்பறையோ 1961ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் காட்சியிலேயே நின்றுவிட்டது. ம. பொ. சிவஞானத்தின் நூலைத் தழுவி பந்துலு எடுத்த ‘கப்பலோட்டிய தமிழன்’ சிறந்த படம். சிவாஜி கணேசனின் நடிப்பும் மறக்கவொண்ணாதது. ஆயினும் திரைப்படம் பாடநூலாகிவிடாது.

வாலிஸ் என்னும் ஆங்கில நீதிபதியால் உரிமம் திரும்பக் கிடைத்தது. அந்நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார் சிதம்பரனார். ஆங்கில ஆட்சியை எதிர்த்தவர் ஆங்கிலேயன் ஒருவனின் நேர்மையைப் போற்றினார். வெறுப்பைக் கற்பிக்காமலே விடுதலை உணர்வைக் கற்பிக்க முடியும் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுமா?

தமிழாசிரியர்களுக்குத் தனியே ஒரு சொல். திருக்குறளுக்கு மணக்குடவர் எழுதிய உரையின் அறத்துப்பாலை 1917இல் பதிப்பித்தவர் அவர். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையின் பதிப்பிலும் உழைத்தவர் அவர். சிறையில் இருந்த காலத்திலேயே ஜேம்ஸ் ஆலனின் நூலை ‘மனம்போல வாழ்வு’ என்று தமிழாக்கினார். ‘மெய்யறம்’, ‘மெய்யறிவு’ என அறநூல்கள் இயற்றினார். தம் வரலாற்றையும் செய்யுளாகவே எழுதினார். மணக்குடவர் உரையை நாம் இன்று கையிலெடுக்கும்போது, அதன் ஏட்டுச் சுவடியைத் தேடி ஒப்புநோக்கிய கை, சணல் இயந்திரத்தில் தோலுரிந்த அதே கை என்று நம்முள் எத்தனை பேர் எண்ணுகிறோம்? தோளின் தழும்பை மட்டும் கொண்டாடி எழுதுகோலை மறந்துவிட்டோம்.

மறுப்பாரும் மறுமொழியும்

‘உணர்ச்சி இல்லாமல் மொழிப்பற்றும் இனப்பற்றும் வளருமா? பிள்ளைகள் முதலில் உருகட்டும். பிறகு அறியட்டும்’ என்பர் சிலர். உருகுதல் தவறன்று. உருகிய பின் அறிவு வந்து நிற்க வேண்டிய இடத்தில் கைதட்டல் வந்து நிற்கிறதே, அதுதான் தவறு. உருக்கம் மட்டுமே கற்றவன் தன்னினத்தை என்றும் அடிபட்ட இனமாகவே காண்பான். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் நம் மக்கள் சிதறுண்ட நாட்டில், அடிபட்டோம் என்னும் பாட்டை மட்டும் பிள்ளைகள் காதில் ஓதுவது நஞ்சுக்கு ஒப்பாகும். பங்கு திரட்டினோம், கப்பல் வாங்கினோம், கூலி உயர்த்தினோம், சுவடி பதிப்பித்தோம் என்று கற்றவன்தான் நாளை எதனையேனும் கட்டுவான்.

‘செக்கிழுத்த செம்மல் என்பது மக்கள் அன்பால் இட்ட பெயர், அதனைப் பறிக்க நீர் யார்?’ என்பர் வேறு சிலர். பறிக்க வேண்டா, இருக்கட்டும். அந்தச் செக்கும் அழியாமல் காக்கப்பட வேண்டியதே. சென்னை கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் செக்கை வைத்துப் போற்றுகின்றனர். கோவைச் சிறை வளாகத்திலும் நினைவிடம் உண்டு. போற்றியவர்களுக்கு நன்றி. ஆயினும் கல்லைக் காப்பவர் காவலர். கல்லைப் படிக்கக் கற்பிப்பவரே ஆசிரியர். காவலர் தம் கடமையைச் செய்துவிட்டனர்.

‘தேர்வில் வருவது இவ்வளவே, நேரம் எங்கே இருக்கிறது?’ என்பது மூன்றாவது மறுப்பு. இதுவே உண்மையான மறுப்பு. மற்றவை எல்லாம் இதன் போர்வை. தேர்வுக்குரிய வினா ஐந்து மதிப்பெண் கேட்கிறது. நாமும் ஐந்து மதிப்பெண்ணுக்கே அவரைச் சுருக்குகிறோம். ஆண்டுதோறும் அதே கட்டுரை, அதே மேற்கோள், அதே தழுதழுப்பு. சுற்றிய தடத்திலேயே சுற்றும் காளையைத் தமிழர் செக்குமாடு என்பர். இக்கதையில் இன்று செக்கிழுப்பவர் சிதம்பரனார் அல்லர்.

செய்ய வேண்டுவன

குறைகூறி அமைவது ஆசிரியனுக்கு அழகன்று. நான் வேண்டுவன மூன்று.

ஒன்று, சிதம்பரனாரைப் பற்றிய பேச்சிலும் கட்டுரையிலும் கப்பல், பஞ்சாலை, பதிப்புப் பணி ஆகிய மூன்றும் இல்லையேல் பரிசில்லை என்று நடுவர்கள் விதி வகுக்க வேண்டும். பரிசின் திசை மாறினால் பயிற்சியின் திசையும் தானே மாறும்.

இரண்டு, எந்தப் பழம்பொருளின் முன்னும் ஐந்து வினாக்களைக் கேட்க மாணவரைப் பழக்க வேண்டும். இதனைச் செய்தவர் யார்? இஃது எவ்வாறு இயங்கியது? இதில் உழைத்தவர் யார்? இதன் பயனைக் கொண்டவர் யார்? இஃது ஏன் நின்றுபோயிற்று? விம்பிள்டன் காற்றாலைக்கும் கோவைச் செக்குக்கும் இவ்வைந்தும் பொருந்தும். இவற்றுள் நான்காம் வினாவைக் கேட்கக் கற்ற மாணவன் எந்நாளும் ஏமாறமாட்டான்.

மூன்று, அவ்வினாக்களை நம் ஊரிலேயே கேட்க வேண்டும். மூவாரிலிருந்து பாரிட் ஜாவாவுக்கு 1890ஆம் ஆண்டு முதல் இருப்புப்பாதை ஒன்று ஓடியது, 1929இல் மூடப்பட்டது. அது சென்ற வழியைக் காட்டக்கூடிய மாணவர் எத்தனை பேர்? நம் தோட்டங்களில் ரப்பர்ப் பாலைத் தகடாக அழுத்திய கையுருளைகளும், புகைபோட்டு உலர்த்திய கட்டடங்களும், பால் நிறுத்த கொட்டகைகளும் ஒவ்வொன்றாய் மறைகின்றன. அவற்றில் உழைத்த முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். ஒவ்வொரு மாணவனும் தன் பாட்டியிடமோ பாட்டனிடமோ அமர்ந்து, அந்த உருளையை யார் சுற்றினார், நாளொன்றுக்கு எத்தனை தகடு, கூலி என்ன, எப்போது நின்றது என்று கேட்டு ஒரு பக்கம் எழுதிவரட்டும். பெயரும் ஆண்டும் அளவும் இருக்கட்டும். கண்ணீர் வந்தால் வரட்டும், வராவிட்டாலும் பழுதில்லை. அந்தப் பக்கங்களைத் தைத்துப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்த நூறு உரைகளைவிட அந்த ஒரு தொகுப்பு நிலைத்து நிற்கும்.

ஆசிரியத் தோழர்களே, சிதம்பரனாருக்கு நம் மாலைகள் தேவையில்லை. பங்குக் கணக்கையும் பயணக் கட்டணத்தையும் கூலி விகிதத்தையும் சுவடிப் பாடத்தையும் ஒருசேரப் பயின்ற அறிவு அவருடையது. அவ்வறிவை வகுப்பறைக்குக் கொண்டுவருவதே அவருக்கு நாம் செய்யும் கைம்மாறு. செக்கைச் செக்கென்று கற்பியுங்கள். அதனைச் சுழற்றிய கை எதனைக் கட்டியதென்றும் சேர்த்துக் கற்பியுங்கள். அடுத்த போட்டிக்கு உரை எழுதிக் கொடுக்கும்போதே அதனைத் தொடங்கலாம்.